இரக்கம் பார்க்காத பதினான்கு நிமிடங்கள்

2016 ஆகஸ்ட், ரியோ. ஒலிம்பிக்கில் முதன்முறையாக ரக்பி செவன்ஸ் ஆடப்படுகிறது. ஜப்பான் பெண்கள் அணியைக் கனடா 45–0 என்று தோற்கடிக்கிறது. ஏழு வருடம் கழித்து, 2023 செப்டம்பர், சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இப்போது ஜப்பான் வெல்கிற பக்கம் நிற்கிறது. எதிரே இந்தியப் பெண்கள் அணி. ஸ்கோர் அதே 45–0.

இரண்டு ஸ்கோரும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி வராமல் போகாது. அடி வாங்கியவர்களுக்குத்தானே அதன் வலி தெரியும்? ஒரு ஆட்டம் முழுக்கப் பந்தைத் தேடி அலைந்து, ஒரு புள்ளிகூட எடுக்காமல் வெளியேறுவது எப்படியிருக்கும் என்று அறிந்த ஓர் அணி, தன்னைவிடப் பலவீனமான அணி முன்னால் நிற்கும்போது கொஞ்சம் கையை அடக்கியிருக்கக் கூடாதா? 25–0, 30–0 என்று வந்தபோது “போதும்டா, பாவம்” என்று நிறுத்தியிருந்தால் ஜப்பானுக்கு என்ன குறைந்திருக்கும்?

நண்பர்கள் சிலரிடம் இதைக் கேட்டேன். விளையாட்டு பார்க்கிறவர்கள் “அதெல்லாம் கூடாது, அடிச்சுத்தான் ஆடணும்” என்றார்கள். விளையாட்டு பார்க்காதவர்கள் “ஜெயிச்சாச்சுல்ல, அப்புறம் எதுக்கு?” என்றார்கள். இரண்டாவது ஆட்களின் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெயித்த பிறகும் அடிப்பது எதற்கு? விளையாட்டைத் தாண்டியும் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனாலும் ஆட்டத்துக்குள்ளேயே வைத்து யோசிப்பது நல்லது. வெளியே கொண்டு வந்தால் உடனே பெரிய வார்த்தைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

*

செவன்ஸ் எப்படி ஆடப்படுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கமான ரக்பியில் ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். செவன்ஸில் 7 பேர், பாதிக்கு 7 நிமிடம், மொத்தம் 14 நிமிடம். மைதானம் மட்டும் அதே அளவு. அதாவது 15 பேர் அடைத்து நிற்க வேண்டிய இடத்தை 7 பேர் காக்க வேண்டும். ஒருவர் டாக்கிளைத் தவறவிட்டால் பின்னால் வெறும் புல்வெளிதான்.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஒரு ட்ரை, 5 புள்ளி. அதன்பின் டிராப் கிக்கில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 2. ஆக, 45 எடுக்கக் குறைந்தது 7 ட்ரை வேண்டும். 14 நிமிடத்தில் 7 ட்ரை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. தோற்கிற அணியின் பக்கம் நின்று பார்த்தால், தன் கோட்டுக்குப் பின்னால் கூடி நின்று, மூச்சு வாங்கி, கம்பத்தை நோக்கிப் போகும் பந்தைப் பார்த்துவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பி, ஒரு நிமிடத்தில் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்பது. இப்படி ஏழு தடவை.

ஒரு சுவாரஸ்யமான விதி இருக்கிறது. 15 பேர் ஆடும் ரக்பியில் புள்ளி கொடுத்த அணிதான் மறுபடி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். செவன்ஸில் தலைகீழ். புள்ளி எடுத்த அணி உதைக்க வேண்டும், பந்து புள்ளி கொடுத்த அணியை நோக்கி வரும். விதியே “இந்தா, இப்ப உன் முறை” என்று சொல்வது போல. ஆனால் உயரே வரும் அந்தப் பந்தை யார் எம்பிப் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது சொந்தம். உயரமும் பலமும் கூடிய அணி தான் உதைத்த பந்தைத் தானே பறித்துக்கொள்ளும். உயரம் குறைந்த ஜப்பான் அணிக்கு இது நெடுநாள் தலைவலி. விதி வாய்ப்பைத் தரும். பந்தைப் பிடித்துத் தராது.

*

முதல் வாதம் எளிமையானது. செவன்ஸ் தொடர்களில் ஒரு ஆட்டத்தின் ஸ்கோர் அந்த ஆட்டத்தோடு முடிவதில்லை. பாரிஸ் 2024-ஐ எடுத்துக்கொள்வோம். 12 அணிகள், மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். மீதி இரண்டு இடம், மூன்றாவதாக வந்த அணிகளில் சிறந்த இரண்டுக்கு. சமமாக இருந்தால் எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் பார்க்கப்படும்.

ஜப்பான் அமெரிக்காவிடம் 36–7 என்று தோற்றது. சொந்த மண்ணில் ஆடிய பிரான்ஸிடம் 49–0. பிரேசிலை 39–12 என்று வென்றது. பிரிவில் மூன்றாம் இடம். ஆனால் வித்தியாசம் கழித்தல் 51. அந்தக் கணக்கில்தான் காலிறுதி வாய்ப்பு போனது.

இப்போது பிரான்ஸ் அணி 21–0 வந்ததும் மனமிரங்கி வேகத்தைக் குறைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரக்கம் ஜப்பானுக்கு நல்லது. ஆனால் வேறொரு பிரிவில் மூன்றாவதாக வந்து, அதே இடத்துக்குக் காத்திருக்கும் அணிக்கு? அவர்கள் அந்த மைதானத்திலேயே இல்லை. அவர்கள் கணக்கிலிருந்து எடுத்து இவர்களுக்குக் கொடுத்தது போலாகும். கண்முன் நிற்பவருக்குக் காட்டும் தாராளம், கண்ணில் படாதவரின் செலவில் நடக்கும். நம் அலுவலகங்களில் “தெரிஞ்ச பையன், பாவம்” என்று நடக்கிற பல காரியங்களும் இந்த வகைதான்.

சரி, அது கணக்கு சம்பந்தப்பட்டது. புள்ளி வித்தியாசம் எதையும் மாற்றாத ஆட்டம் என்றால்? அப்போதும் கையை அடக்கக் கூடாதா?

*

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978-இல் விளையாட்டு பற்றி ‘வெட்டுக்கிளி’ என்ற தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். விளையாடுவது என்றால் தேவையே இல்லாத தடைகளை விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வது என்பது அவர் தரும் விளக்கம். பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைப்பதுதான் நோக்கமென்றால் ராத்திரி ஆளில்லாத நேரத்தில் போய் வைத்துவிட்டு வரலாம். ஏழு பேர் தடுக்கும்போது, முன்னோக்கி எறியாமல், கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நாமே ஒப்புக்கொள்வதால்தான் அது ஆட்டம்.

அவர் ஆட்டத்தைக் கெடுப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். ஏமாற்றுகிறவனுக்கு ஆட்டத்தின் இலக்கு வேண்டும், விதி வேண்டாம். ஆட்டத்தையே கலைக்கிறவனுக்கு இரண்டும் வேண்டாம். மூன்றாமவன்தான் நமக்கு முக்கியம். அவன் விதியையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிப்பான். ஆனால் இலக்கில் அக்கறை இருக்காது. சதுரங்கத்தில் காய்களைச் சரியாகத்தான் நகர்த்துவான், ஜெயிக்க நகர்த்த மாட்டான். பார்க்க ஆடுவது போலிருக்கும், ஆட்டம் நடந்துகொண்டிருக்காது. பாவம் பார்த்து மெதுவாக ஓடும் அணி இந்த மூன்றாமவன்தான். அவன் எதிரே ஆடுகிறவர் உண்மையாக ஓடுவார், உண்மையாக விழுவார். ஆனால் அவர் தனியாக ஆடிக்கொண்டிருப்பார். அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

இதற்குத் தமிழில் சூட்ஸைவிடக் கச்சிதமான சொல் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. தெரு ஆட்டத்தில் சின்னப் பையன் அழுகிறான் என்று சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனால் அவுட் இல்லை, ரன் எடுத்தால் ரன்னும் இல்லை. அவனுக்கு ஐந்து வயது இருக்கும்வரை சந்தோஷம். ஏழு வயதில் ஒருநாள் “நான் ஒப்புக்குச் சப்பாணியா?” என்று கேட்பான் பாருங்கள், அன்றைக்கு அவன் கேட்பது தன்னையும் அவுட் ஆக்கச் சொல்லித்தான். தன் அவுட் கணக்கில் வர வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்கிறது. தேசிய ஜெர்சி போட்டுக்கொண்டு விமானம் ஏறி வந்த பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக எப்படிக் கொடுப்பது?

*

ஜப்பானிலேயே இந்தக் கேள்வி வேறொரு ஆட்டத்தில் மிகக் கடுமையாக எழுந்தது. 1998 ஜூலை, அவோமோரி மாகாணம். பள்ளிகளுக்கான பேஸ்பால் தகுதிச்சுற்று. ஃபுகாவுரா என்ற சிறிய ஊரின் பள்ளி, தோஓகிஜுகு பள்ளியை எதிர்த்து ஆடியது. ஃபுகாவுராவில் மொத்தமே 10 ஆட்டக்காரர்கள். முதல் இன்னிங்ஸில் தோஓகிஜுகு 39 ரன். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் 93–0.

அந்த இடத்தில் ஃபுகாவுரா பயிற்சியாளர் மாணவர்களிடம் கேட்டார், நிறுத்திவிடலாமா என்று. தொடர்வது என்று முடிவானது. தோஓகிஜுகு கையை அடக்கவில்லை. ஆறாவதில் 12, ஏழாவதில் 17. ஏழு இன்னிங்ஸ் முடிந்ததும் வித்தியாசம் மிக அதிகம் என்ற விதிப்படி ஆட்டம் நிறுத்தப்பட்டது. 122–0.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நிறுத்தும் அதிகாரம் விதியிடம் இருந்தது, வெல்கிறவர்களின் மனநிலையிடம் இல்லை. விதி எல்லாருக்கும் பொது. அதனால் நிறுத்தப்படுவதில் அவமானம் குறைவு. இரண்டாவது, கேள்வி தோற்கிறவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களுக்குப் பதிலாக எதிரணி முடிவெடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் மெதுவாக ஆடவில்லை. இரக்கத்தில் நெருடும் விஷயம் அதன் மென்மை இல்லை என்று நினைக்கிறேன். உன்னைக் கேட்காமல் உனக்கு எது தாங்கும் என்று நான் தீர்மானிக்கிறேனே, அதுதான்.

நிக்கலஸ் டிக்ஸன் என்பவர் 1992-இல் இதே விஷயம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய வித்தியாசத்தில் தோற்பதே ஒருவரைச் சிறுமைப்படுத்திவிடாது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. சிறுமைப்படுத்துவது வேறு காரியம். எதிரணியின் முகத்துக்கு நேரே சிரிப்பது, கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று துரத்தி வருபவரைக் கேலி செய்வது. அதை 5–0-விலும் செய்யலாம்.

*

இதுவரை சொன்னதெல்லாம் வெல்கிறவர்களுக்கு ரொம்ப வசதியான வாதம் என்று ஒருவர் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். “மரியாதை காரணமாகத்தான் 45 போட்டோம்” என்பதைக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அந்த 45–0 உண்மையில் 14 நிமிடத்தில் உருவானது இல்லை. 2009-இல் ஒலிம்பிக் கமிட்டி ரக்பி செவன்ஸைச் சேர்க்க முடிவெடுத்தது. ஜப்பானில் ரக்பி நெடுங்காலமாகப் பல்கலைக்கழக ஆண்களின், கம்பெனி அணிகளின் ஆட்டம். பெண்கள் 1991-இல் முதல் உலகக் கோப்பையிலேயே ஆடியிருக்கிறார்கள், ஆனாலும் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். ஒலிம்பிக் வந்ததும் பிற விளையாட்டுகளிலிருந்து ஆட்களைத் தேடினார்கள். ரியோவில் கேப்டனாக இருந்த சிஹாரு நகாமுரா பல்கலைக்கழகம் முடிக்கும்வரை கூடைப்பந்து ஆடியவர். ரக்பியைத் தொட்டதே அதற்குப் பிறகு. எதிரே நின்ற கனடா அணி மேற்குக் கரையில் ஒரே இடத்தில் கூடி வருடக்கணக்கில் முழுநேரம் பயிற்சி செய்த அணி. அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்கள். ‘சகுரா செவன்ஸ்’ என்று அழைக்கப்படும் ஜப்பான் அணியோ தங்கம் வெல்வதாகச் சொல்லிக் கிளம்பி வந்து பத்தாவதாக முடித்தது.

அதே கதை ஹாங்சோவில் இடம் மாறியது. இந்தியாவில் ரக்பி ஆடும் பெண்ணுக்கு ஆட மைதானம் கிடைப்பதே பெரிய விஷயம். ஜப்பானிய வீராங்கனைக்கு உள்நாட்டிலேயே 2014 முதல் ஒரு செவன்ஸ் தொடர் வருடாவருடம் நடக்கிறது. இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதிவிட்டு, இது சமமான போட்டி என்று சொன்னால் அது பொய்.

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை யார் சரிசெய்வது? மைதானத்தில் பந்தோடு ஓடும் 22 வயதுப் பெண் தன் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. அவர் குறைத்தால் ஸ்கோர் 45 இல்லாமல் 20 ஆகும், இந்தியாவுக்கு ஒரு மைதானம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இன்னும் மோசம், 20–0 என்பது பார்க்கக் கௌரவமாக இருக்கும். “பரவாயில்லையே, நல்லாத்தான் ஆடியிருக்காங்க” என்று பணம் தர வேண்டியவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். 45–0 உண்மையைச் சொல்கிறது. அது அந்த ஏழு பெண்களைப் பற்றிய உண்மை இல்லை, அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைப் பற்றிய உண்மை. அதை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

இரக்கத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிறைய இடம் இருக்கிறது. ஜப்பானில் ரக்பி ஆட்டம் முடிவதை இன்றும் ‘நோ சைட்’ என்கிறார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது, ஜப்பானில் உயிரோடு இருக்கிறது. விசில் ஊதியதும் இனிப் பக்கங்கள் இல்லை என்று பொருள். அப்போது தொடங்குகிற கடமைகள் உண்டு. பலவீனமான அணியைப் பயிற்சி ஆட்டத்துக்கு அழைப்பது, பயிற்சியாளரை அனுப்புவது, தொடரில் இடம் கொடுப்பது. இவற்றைச் செய்யாமல் மைதானத்தில் மட்டும் 45 போடுகிற நாடு “மரியாதை” என்ற சொல்லைப் பாதி விலைக்கு வாங்கப் பார்க்கிறது.

*

இன்னொரு வசதியான வாதமும் உண்டு: “அடி வாங்கினதாலதான் ஜப்பான் வளர்ந்தது.” இதை ஏற்கக் கூடாது. 2021-இல் சொந்த ஊரில், பார்வையாளர் இல்லாத டோக்கியோ மைதானத்தில், ஜப்பான் ஐந்து ஆட்டத்திலும் தோற்று 12 அணிகளில் 12-வதாக வந்தது. ரியோவில் வாங்கிய அடி அவர்களைக் கீழேதான் இறக்கியிருந்தது. ஃபுகாவுரா பள்ளியும் சாம்பியன் ஆகிவிடவில்லை. தோல்வி பாடம் கற்றுத்தரலாம், தராமலும் போகலாம். பின்னால் பலன் கிடைக்கும் என்பதற்காக மட்டுமே ஒருவரை மரியாதையோடு நடத்தினால் அது முதலீடு.

டோக்கியோ அணியில் நகாமுராவுக்கு இடம் கிடைக்கவில்லை. ரியோ கேப்டன், அணியின் முகம், சொந்த நாட்டில் ஒலிம்பிக். “இவ்வளவு செய்தவர், ஒரு இடம் கொடுக்கக் கூடாதா?” என்று தோன்றும். கொடுத்திருந்தால் அவரும் ஒருவகையில் ஒப்புக்குச் சப்பாணி ஆகியிருப்பார். அவர் தொடர்ந்து ஆடினார். பாரிஸில், 36 வயதில், மறுபடி அணியில் இருந்தார். யாரும் பாவம் பார்க்காததால் அந்த இடம் முழுக்க அவருடையதாக இருந்தது.

பாரிஸில் பிரான்ஸிடம் 49–0 வாங்கிய பிறகுதான் பிரேசிலுடன் ஆட்டம். ரியோவில் இரண்டு முறையும் டோக்கியோவில் ஒரு முறையும் ஜப்பானைத் தோற்கடித்த அதே பிரேசில். இந்த முறை ஜப்பான் வென்றது. காலிறுதி இல்லை என்றானபின் தென்னாப்பிரிக்காவை வென்று, ஒன்பதாம் இடத்துக்கான ஆட்டத்தில் மறுபடி பிரேசிலை வென்றது. ஜப்பான் பெண்கள் இதுவரை ஒலிம்பிக்கில் எட்டிய உயர்ந்த இடம் அந்த ஒன்பது. பதக்கம் இல்லை, தலைப்புச் செய்தி இல்லை. ஆனால் எதிரணி யாரும் விட்டுக்கொடுத்து வந்த ஒன்பது இல்லை அது. ஜப்பானை யாரும் ஒருபோதும் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால்தான் அந்த எண்ணுக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறது.

ஹாங்சோவில் இந்தியாவிடம் 45 எடுத்த அதே ஜப்பான் அணி, இறுதியாட்டத்தில் சீனாவிடம் 22–21 என்று ஒரே புள்ளியில் தங்கத்தைத் தவறவிட்டது. 2018 ஜகார்த்தா இறுதியில் அதே சீனாவை 7–5 என்று வென்றிருந்தார்கள், 2014 இஞ்சியோன் இறுதியில் 14–12 என்று தோற்றிருந்தார்கள். ஒரு கன்வர்ஷன் உள்ளே போவதும் வெளியே போவதும் முடிவு செய்கிற ஆட்டங்கள் இவை. ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும் என்ற பழக்கம் இறுதியாட்டத்துக்கு ஒன்று, லீக் ஆட்டத்துக்கு ஒன்று என்று இரண்டாக இருக்க முடியாது.

கடைசியாக, பார்க்கிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 30–0 ஆனதும் நாம் சேனலை மாற்றிவிடுகிறோம். வென்ற அணி பாவம் பார்த்து மெதுவாக ஆடியிருந்தால் கோபப்படுகிற நாமே, தோற்கிற அணியை முதலில் கைவிடுகிறவர்களாக இருக்கிறோம். ஆனால் பதிமூன்றாவது நிமிடத்தில், 40–0-வில், தன்னைவிட வேகமாக ஓடும் ஒருத்தியைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தும் குறுக்கே கோணம் போட்டு ஓடி வருகிற ஒரு பெண் எப்போதும் இருப்பார். பிடித்துவிட்டால் 40 அங்கேயே நிற்கும். அதை யாராவது பார்க்க வேண்டாமா?